கல்லீரல் தழும்பு கரையுமா? எலியிடம் பலித்தது "எக்சோசோம்". மனிதருக்கு இன்னும் வரவில்லை!

தோலில் தழும்பு விழுந்தால் அழகுதான் கெடும். கல்லீரலில் விழுந்தால் ஆளையே சாய்த்து விடும்!

குடி, "பி", "சி" வைரஸ்கள், கொழுப்பு - இவை கல்லீரலை ஓயாமல் புண்ணாக்குகின்றன. அங்கே நட்சத்திர வடிவ செல்கள் உண்டு. வைட்டமின் "ஏ"யை சேமிப்பது அவற்றின் வேலை. புண் பட்டதும் இந்த சாதுக்கள் குணம் மாறிவிடும். "கொலாஜென்" என்ற நார்ப்பொருளைக் கொட்டித் தள்ளும். கல்லீரல் இறுகும். வயிற்றில் நீர் கோத்து மகோதரம் வரும். ரொம்ப முற்றிவிட்டால் மாற்றுக் கல்லீரல்தான் வழி. கொடுக்க ஆள் கிடைக்க வேண்டுமே!

மாயமான செல்கள்

ஸ்டெம் செல்லை உடம்பில் ஏற்றினால் அது கல்லீரல் செல்லாக மாறும் என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். ஏற்றிய செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே மறைந்து போயின. ஆனாலும் பலன் தெரிந்தது! எப்படி? செல்கள் சுரந்த பொருள்தான் வேலை செய்கிறது என்று அவர்கள் கருதினார்கள். அதில் ஒன்றுதான் "எக்சோசோம்" என்ற நுண்ணிய பை. தலைமுடியின் பருமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

சீனாவில் ஜியாங்சு பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு ரசாயனம் கொடுத்து கல்லீரலில் தழும்பு உண்டாக்கினார்கள். பிறகு மனிதத் தொப்புள் கொடியின் ஸ்டெம் செல் சுரந்த எக்சோசோமைச் செலுத்தினார்கள். கொலாஜென் குறைந்தது! இந்த ஆய்வு 2013-ல் வெளியானது.

ஊசி விற்பவர்கள் உஷார்!

எலிக்குத் தழும்பு சில வாரத்தில் வந்தது. மனிதனுக்கோ பல வருஷத்து தழும்பு. தவிர, ஒவ்வொரு தடவையும் ஒரே தரத்தில் எக்சோசோம் தயாரிப்பது லேசுப்பட்ட வேலை அல்ல.

அதற்குள் சிலர் கடை விரித்து விட்டார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்சோசோம் என்று சொல்லிக் கொடுத்த மருந்தால் பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அனுமதி பெற்ற எக்சோசோம் மருந்து எதுவுமே இல்லை என்றும் அறிவித்தது.

ஆகவே, "ஒரே ஊசியில் கல்லீரல் புதுசாகும்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம். குடியை அடியோடு விடுவது, வைரசுக்கு மருந்து சாப்பிடுவது, எடையைக் குறைப்பது - இவற்றால் ஆரம்பத் தழும்பு பலருக்குக் குறைகிறது. "பி" வைரசுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. இன்றைக்குக் கையில் இருக்கிற வைத்தியம் இதுதான்!