ஓடும் படத்தில் ஓடும் கடிகாரம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எமது சகோதரியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வாசலிலே செருப்பைக் கழற்றுவதற்கு முன்னரே மருமகன் ஓடிவந்து, கையைப் பற்றி இழுத்துச் சென்று கணினியின் முன் இருத்திவிட்டான்.

"மாமா, இதை ஒருக்காப் பாருங்கோ. பிறகு நியாயத்தைச் சொல்லுங்கோ" என்றான்.

சங்கதி இதுதான். அவனுடைய தங்கை, தன் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியிலே 100 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்திருந்தாள். நடுவர்கள் அறிவித்த நேரம் 14.1 செக்கன். அவளது வயதுப் பிரிவுக்குரிய பாடசாலைச் சாதனையோ 14.0 செக்கன். பத்திலொரு செக்கனால் கைநழுவிய சாதனை! முடிவுக் கோட்டருகே நின்று அந்த ஓட்டத்தைக் கையடக்கத் தொலைபேசியிலே படம்பிடித்த தமையன், வீட்டுக்கு வந்து அதனைத் தொகுத்து, திரையிலே ஓடும் கடிகாரம் ஒன்றையும் பொருத்தியிருந்தான். தங்கையின் மார்பு கோட்டைத் தொடும் கணத்தில் அந்தக் கடிகாரம் காட்டிய இலக்கம் 13.77.

வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. படம் வாட்ஸ்அப் வழியாக இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சித்தப்பாமாரும் மாமிமாரும் கொதித்தெழுந்திருந்தனர். பிள்ளைகளின் அம்மம்மாவாகிய எமது தாயார், "பிள்ளைக்கு அநியாயம் செய்துபோட்டாங்கள். அதிபருக்கு ஒரு கடிதம் எழுதித் தா, தம்பி" என்று கடதாசியும் பேனாவுமாக நின்றார். ஓடியவள் மட்டும் மூலையிலே மௌனமாக இருந்தாள்.

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டோம். "கடிகாரத்தை எந்த இடத்திலிருந்து ஓடவிட்டாய்?"

"வெடிச்சத்தத்தில இருந்துதான், மாமா."

அவன் செய்தது இயல்பான காரியமே. தொகுக்கும் மென்பொருளில் ஒலியானது அலைக்கோடாகத் தெரியும். வெடி வெடித்த இடத்திலே அக்கோடு மலைபோல் எழுந்து நிற்கும். அவ்விடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தவறும் அவ்விடத்திலேதான் இருந்தது. துப்பாக்கி வெடித்தது தொடக்கக் கோட்டில்; தொலைபேசி இருந்ததோ 100 மீற்றருக்கு அப்பால். எமது நாட்டு வெயிலிலே ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். ஆகவே சத்தம் அவனை வந்தடைய 0.29 செக்கன் பிடித்திருக்கும். அதற்குள் தங்கை ஓடத் தொடங்கிவிட்டாள்! ஒளிக்கு இந்தத் தாமதம் கிடையாது. 100 மீற்றரைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. கையிலே நிறுத்தற் கடிகாரம் வைத்திருக்கும் நடுவர்கள் சத்தத்தைக் கேட்டு அன்றி, துப்பாக்கியின் புகையைக் கண்டே அதனை அழுத்தவேண்டும் என்று பயிற்றப்படுவது இதனாலேயே.

படத்தைப் பின்னோக்கி ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தச் சொன்னோம். சட்டகம் என்பது வேறொன்றுமன்று. அடுத்தடுத்து எடுக்கப்பட்ட நிழற்படங்களுள் ஒன்று. அவனது தொலைபேசி ஒரு செக்கனுக்கு 30 சட்டகங்கள் எடுப்பது. சத்தம் பதிவாகிய இடத்துக்கு ஒன்பது சட்டகங்கள் முன்னதாக, தூரத்திலே ஆசிரியரின் கைக்கு மேல் பஞ்சுபோல ஒரு வெண்புகை தெரிந்தது. அதிலிருந்து முடிவுக் கோடு வரை எண்ணினால் 422 சட்டகங்கள், அதாவது 14.07 செக்கன். கையால் எடுத்த நேரம் பத்திலொரு செக்கனுக்குச் சரியாக அமையாவிடில், அடுத்த பெரிய பத்திலொன்றாகவே அதனைக் குறிப்பது மெய்வல்லுநர் விதி. ஆகவே 14.1. நடுவர்கள் நேர்மையாகவே நடந்திருந்தனர்.

மருமகன் இலகுவில் விடவில்லை. "14.07 எண்டு காட்டுறபோது அந்த ஏழு எங்கிருந்து வந்தது?" என்றான். நல்ல கேள்வி. 30 சட்டகம் எடுக்கும் கருவிக்கு ஒரு செக்கனின் முப்பதிலொரு பங்குக்கும் குறைந்த நேரம் தெரியாது. மென்பொருள் நூறிலொன்று, ஆயிரத்திலொன்று என எத்தனை தசமதானம் கேட்டாலும் எழுதித் தரும். எழுதிவிட்டதால் அவை அளக்கப்பட்டவை ஆகிவிடமாட்டா. தங்கையின் வேகத்தில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவள் ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர், ஒரு சாணளவு, நகர்ந்துவிடுகிறாள். அந்தச் சாணுக்குள் நடந்தது படத்தில் இல்லை.

பெரிய போட்டிகளிலும் இந்தச் சிக்கல் நேர்ந்ததுண்டு. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் ரிம் மக்கீயும் 4 நிமிடம் 31.98 செக்கன் என ஒரே நேரத்தில் வந்தனர். ஆயிரத்திலொன்று வரை பார்த்து, 0.002 செக்கன் வித்தியாசத்தில் லார்சனுக்குத் தங்கம் வழங்கப்பட்டது. அந்நேரத்தில் நீந்துபவர் செல்லும் தூரம் 3 மில்லிமீற்றர் அளவே. தடாகத்தின் ஓடுபாதைகளே அவ்வளவு துல்லியமாகக் கட்டப்படுவதில்லை. பின்னர் விதியை மாற்றி நூறிலொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். நூறிலொன்றிலும் சமமாயின் பதக்கத்தைப் பகிர்ந்துகொள்வர். எமது அபிப்பிராயத்தில் அதுவே முறை.

ஆகவே கடிகாரத்தைத் திருத்த உட்கார்ந்தோம். மருமகன் பயன்படுத்தியது ஷொட்கட் என்னும் இலவச மென்பொருள். அதிலே பில்ற்றர் பட்டியலில் 'ரைமர்' என்பதைத் தெரிந்து துண்டின்மேல் இட்டால் கடிகாரம் தோன்றும். அது அத்துண்டின் முதற் சட்டகத்திலிருந்தே ஓடத் தொடங்குமாதலால், புகை தெரியும் சட்டகத்திலே படத்தை இரண்டாகப் பிரித்து, பிற்பாதிக்கு மாத்திரம் அதனை இட்டோம். தசமதானம் ஒன்று போதும் என வைத்தோம். எல்லா இலக்கங்களும் ஒரே அகலமுடைய எழுத்துருவைத் தெரிவதும் நன்று. இல்லையேல் 1 வரும்போதெல்லாம் கடிகாரம் குளிரில் நடுங்குவதுபோல ஆடும்.

இதே வேலையில் இறங்கும் மாணவருக்கு இரண்டு எச்சரிக்கைகள். நடுவிலே ஒரு பகுதியை வெட்டி எறிந்தால் எஞ்சிய படத்தின் நேரத்தையே கடிகாரம் எண்ணும். வெட்டியது அதற்குத் தெரியாது. விஞ்ஞானப் பரிசோதனையொன்றைப் படம்பிடிப்பவர், பிற்பகுதியின் கடிகாரத்தை, விடுபட்ட நேரத்தையும் கூட்டிய இலக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். மற்றது, வெளிச்சம் குறைந்தால் சில தொலைபேசிகள் சட்டக எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அத்தகைய படத்தைத் திறக்கும்போது, சீராக மாற்றித் தரவா என்று ஷொட்கட் கேட்கும், ஆம் என்க. ஐயமிருப்பின் ஒரு மீற்றர் நீள நூலிலே கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் படம்பிடித்துப் பாருங்கள். கல் பத்து முறை போய்வர ஏறக்குறைய 20 செக்கன் ஆகும். திரைக் கடிகாரம் அதனோடு ஒத்து ஓடவேண்டும்.

திருத்திய படத்தை எல்லோரும் கூடிப் பார்த்தோம். கடிகாரம் 14.1 என நின்றது. அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப ரொறன்ரோக்காரருக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். மருமகன் எம்மைப் பார்த்தான். நாம் சுவரைப் பார்த்தோம். ஈற்றில் அவனே புதிய படத்தை அனுப்பி, 'முதல் அனுப்பியது என் பிழை' என்று ஒரு வரியும் எழுதினான்.

அதுவரை வாய் திறவாதிருந்த மருமகள் அப்போதுதான் எழுந்து திரையருகே வந்தாள்.

"அண்ணா, நான் கோட்டைத் தாண்டுற இடத்தில இந்த இலக்கம் என்ரை முகத்தை மறைக்குது. மேல் மூலைக்கு ஏத்திவிடு" என்றாள்.