காதல் கோடையில் ஒரு கொத்தனாரின் வழக்கு

1967ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை நோக்கி ஹிப்பி இளைஞர்கள் திரண்டுகொண்டிருந்தார்கள். நீண்ட முடி, தலையில் பூ, வாயில் வியட்நாம் போருக்கு எதிரான முழக்கம். அந்தப் பருவத்துக்கே 'காதல் கோடை' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அதே மாதம் 12ஆம் தேதி, வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் காதல் திருமணம் பற்றிய ஒரு பெரிய தீர்ப்பை வழங்கியது. அந்த வழக்கை நடத்தியவர்கள் ஹிப்பிகள் அல்லர். ஊர் அறியாத ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும்தான்.

குற்றமான திருமணம்

ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர். மில்ட்ரெட் ஜீட்டர் கறுப்பின, அமெரிக்கப் பழங்குடி வம்சாவளிப் பெண். இருவரும் வெர்ஜீனியா மாநிலத்தின் சென்ட்ரல் பாயிண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அங்கே வெள்ளையர் வேற்று இனத்தவரை மணந்தால் 1 முதல் 5 ஆண்டு வரை சிறை.

அதனால் 1958 ஜூன் மாதம், அத்தகைய தடை இல்லாத வாஷிங்டனுக்குச் சென்று மணம் முடித்தார்கள். அவருக்கு வயது 24, அவளுக்கு 18. ஊர் திரும்பிய சில வாரங்களில், நள்ளிரவுக்குப் பின் போலீசார் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்தனர். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழ் இங்கே செல்லாது என்றனர்.

1959இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 25 ஆண்டுகளுக்கு இருவரும் ஒன்றாக வெர்ஜீனியாவுக்கு வராவிட்டால் சிறை இல்லை என்றார் நீதிபதி. இருவரும் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஒரு கடிதம்

நகர வாழ்க்கை மில்ட்ரெட்டுக்கு ஒட்டவில்லை. 1963இல் அவர் சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். அதன்வழி, குடிமக்கள் உரிமைக்காகப் போராடும் ஓர் அமைப்பின் உதவி கிடைத்தது. இரண்டு இளம் வழக்கறிஞர்கள் வழக்கை எடுத்தார்கள்.

"கணவன், மனைவி இருவருக்கும் ஒரே தண்டனைதானே, இதில் பாகுபாடு எங்கே?" என்பதே வெர்ஜீனியாவின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெள்ளையர் சம்பந்தப்பட்ட கலப்பு மணத்தை மட்டுமே அச்சட்டம் தடுத்தது. அப்படியென்றால் வெள்ளையரை உயர்த்திப் பிடிப்பதே அதன் நோக்கம் என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். 16 மாநிலங்களில் இருந்த தடை ஒரே நாளில் செல்லாததானது.

விசாரணைக்கு அந்தத் தம்பதியர் போகவில்லை. தன் மனைவியை நேசிப்பதாகவும், அவளோடு சொந்த மாநிலத்தில் வாழ முடியாதது நியாயமில்லை என்றும் நீதிபதிகளிடம் சொல்லுங்கள் என்பதே ரிச்சர்ட் வழக்கறிஞரிடம் சொல்லி அனுப்பிய செய்தி.

மனம் மாற எடுத்த காலம்

சட்டம் மாறியதும் ஊர் மனம் மாறிவிடவில்லை. கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், தீர்ப்புக்கு மறு ஆண்டு, கறுப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்ற அமெரிக்கர்கள் வெறும் 20 விழுக்காட்டினர். 2021இல் அது 94 விழுக்காடு. அலபாமா மாநிலம் தன் அரசியல் சாசனத்திலிருந்து அந்தத் தடையை நீக்கியது 2000ஆம் ஆண்டில்தான்.

ரிச்சர்ட் சொந்த ஊரில் தன் கையாலேயே வீடு கட்டினார். 1975இல், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி அவர் இறந்தார். உடன் இருந்த மில்ட்ரெட் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2008இல் இறக்கும்வரை, கணவர் கட்டிய அதே வீட்டில்தான் வாழ்ந்தார்.

இன்றும் ஜூன் 12ஆம் தேதியை, கலப்பு மணம் புரிந்த அமெரிக்கக் குடும்பங்கள் பல 'லவ்விங் தினம்' என்று கொண்டாடுகின்றன.