உடற் பருமன் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கை

உடற் பருமன் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கை என்பது, எடையைக் குறைக்கும் நோக்கில் இரைப்பையையும் சிறுகுடலையும் மாற்றியமைத்துக்கொண்ட ஒருவர், உணவு, நீர், மருந்து, வேலை, விருந்து ஆகியவற்றில் வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்களைக் குறிக்கும். அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதன் பயன் நிலைப்பது பின்வரும் ஆண்டுகளின் அன்றாட ஒழுங்கையே பெரிதும் சார்ந்துள்ளது. இக்கட்டுரை இது பற்றிய பொதுவான மருத்துவச் செய்திகளை, விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வாழ்க்கை முறையோடு பொருத்தி விளக்குகிறது.

பின்னணி

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் வானம் பார்த்த பூமியாகும். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பருத்தி, மிளகாய் முதலியன இங்கு மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. அருப்புக்கோட்டை நகரம் நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்றது. பஞ்சத்தையும் பட்டினியையும் அறிந்த இத்தகைய வறண்ட நிலப்பகுதிகளும் இன்று உடற் பருமனுக்கு விலக்கல்ல. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் சுமார் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற் பருமன் கொண்டவர்கள்.

எடை குறைப்பிற்கான குடல் அறுவைச் சிகிச்சைகள் 1950களில் அமெரிக்காவில் தொடங்கின. 1966 இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் இரைப்பை மாற்றுவழி முறையை அறிமுகப்படுத்தினார். 1990களில் சிறு துளைகள் வழியாக இதனைச் செய்யும் நுண்துளை முறை வந்த பின்னர் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. இந்திய உடற் பருமன் அறுவைச் சிகிச்சைச் சங்கம் 2002 இல் நிறுவப்பட்டது.

உடல் நிறைச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், அல்லது 35 இற்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற இணைநோய் உள்ளவர்கள் இதற்குத் தகுதியானவர்கள் என 1991 இல் அமெரிக்காவில் வரையறுக்கப்பட்டது. 2022 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் இந்த எல்லையைத் தளர்த்தியது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், அவர்களுக்குச் சுட்டெண் 27.5 முதலே இதனைப் பரிசீலிக்கலாம் என்றும் அது கூறுகிறது.

உடலில் நிகழும் மாற்றம்

பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு.

குழல் இரைப்பை முறை: இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைக்காய் வடிவிலான ஒரு குறுகிய குழலாகும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெருமளவில் சுரக்கும் பகுதியும் நீக்கப்படுவதால் பசி குறைகிறது.

இரைப்பை மாற்றுவழி முறை: இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் செல்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் முதன்மையாக உறிஞ்சப்படும் இடம் அதுவே என்பதால், இச்சத்துகளின் குறைபாடு இம்முறையில் கூடுதலாக ஏற்படுகிறது.

உணவின் படிநிலைகள்

முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீர்மங்கள் மட்டும், பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை பால், மோர், வடிகட்டிய பருப்புநீர் போன்றவை, அதன்பின் மசித்த உணவு, அடுத்து மென்மையான உணவு என்ற வரிசையில் உணவு மாறுகிறது. இரண்டு மாதங்களுக்குப் பின்னரே வழக்கமான உணவு படிப்படியாகத் தொடங்கப்படும். இக்கால அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று வேறுபடும்.

வழக்கமான உணவு தொடங்கிய பின்னரும் அளவு சிறிதாகவே இருக்கும். ஒரு வேளை உணவை 20 முதல் 30 நிமிடங்கள் வரை நன்கு மென்று உண்ண வேண்டும். பரோட்டா, குழைந்த சோறு போன்ற பிசுபிசுப்பான உணவுகள் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளக்கூடும். கம்பஞ்சோறும் குதிரைவாலிச் சோறும் சத்தானவை. எனினும் வயிற்றை விரைவில் நிரப்பிப் புரதத்திற்கு இடமில்லாமல் செய்துவிடும். எனவே அவற்றைக் கடைசியாகவும் சிறிதளவாகவும் உண்பது பொருத்தமானது.

புரதம்

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான அளவுகோல். புரதம் குறைந்தால் கொழுப்புடன் தசையும் கரையும். சமைக்காத நிலையில் 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராமும், கம்பில் சுமார் 11 கிராமும், உளுத்தம் பருப்பில் சுமார் 23 கிராமும் புரதம் உள்ளது. ஆகவே சோற்றை முதன்மையாகவும் குழம்பைத் துணையாகவும் கொள்ளும் வழக்கம் தலைகீழாக வேண்டியுள்ளது. இரண்டு முட்டை (12 கிராம்), 400 மி.லி. பால் அல்லது தயிர் (13 கிராம்), 50 கிராம் பருப்பு (11 கிராம்), 100 கிராம் கோழி இறைச்சி அல்லது மீன் (சுமார் 20 முதல் 25 கிராம்) ஆகியவற்றை நாள் முழுவதும் பிரித்து உண்டால் அறுபது நெருங்கிவிடும். புலால் உண்ணாதோர்க்குப் பருப்பும் பாலும் மட்டும் போதாமற் போகலாம். அவர்களுக்குப் புரதமாவு பரிந்துரைக்கப்படுகிறது.

நீர்

உணவையும் நீரையும் ஒன்றாகக் கொள்ள இடமில்லை என்பதால், உண்ணும்போதும் உண்டபின் அரைமணி நேரமும் நீர் அருந்துவது தவிர்க்கப்படுகிறது. அதே வேளையில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீராவது உட்செல்ல வேண்டும். செம்பை உயர்த்தி மடமடவென்று குடிக்கும் பழக்கம் இனி இயலாது. வெயிலில் காட்டு வேலை பார்ப்பவர்கள், தாகம் எடுக்கும் வரை காத்திராமல், உடன் ஒரு புட்டி வைத்துக்கொண்டு கால்மணிக்கொரு முறை இரண்டு மூன்று மிடறு பருக வேண்டும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் இதற்கு ஏற்றவை. சோடா போன்ற வளிமம் நிறைந்த பானங்கள் ஏற்றவையல்ல.

இது தாகத்தோடு முடியும் செய்தியன்று. இரைப்பை மாற்றுவழி முறைக்குப் பின் சிறுநீரில் ஆக்சலேட்டு மிகுவதால் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. வியர்வை மிகுந்து சிறுநீர் குறையும் வறண்ட பகுதிகளில் இவ்வாய்ப்பு மேலும் அதிகம்.

இனிப்பும் திடீர் மயக்கமும்

இனிப்பு மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் விரைந்து இறங்கும்போது, 10 முதல் 30 நிமிடங்களுக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றும். இதனைத் துரித இரைப்பை வெளியேற்றம் என்பர். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இவை மாற்றுவழி முறையில் கூடுதலாகக் காணப்படுகின்றன. கருப்பட்டியும் பதநீரும் இயற்கையானவை என்பதால் தீங்கற்றவை என்று எண்ணுவது தவறு. கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களியும் இவ்விளைவை ஏற்படுத்தலாம். உளுந்தைக் கஞ்சியாகவோ இட்லியாகவோ உண்பது நல்லது.

மாத்திரைகளும் ஊசிகளும்

உயிர்ச்சத்து, தாதுச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்குமானவை. எடை குறைந்து உடல் நலமாகத் தோன்றும் காலத்திலேயே பலர் இவற்றை நிறுத்திவிடுகின்றனர். உடலின் சேமிப்பு தீர்ந்த பின்னரே, சில நேரம் ஆண்டுகள் கழித்து, குறைபாடு வெளிப்படும்.

பி12: நாள்தோறும் மாத்திரையாக அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசியாக எடுக்கப்படுகிறது. குறைந்தால் கைகால் மரத்துப்போகும். நரம்புப் பாதிப்பு நிலையாகிவிடவும் கூடும்.

இரும்புச்சத்து: மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இது மிகத் தேவை. மாத்திரையுடன் தேநீர், காப்பி அருந்தினால் சத்து உறிஞ்சப்படாது.

சுண்ணாம்புச்சத்தும் உயிர்ச்சத்து டியும்: எலும்பின் உறுதிக்கானவை. இரும்பு மாத்திரைக்கும் சுண்ணாம்பு மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு, அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே, எடை குறைவதற்கு முன்பே, இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே இன்சுலினையோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும். தமிழ்நாட்டில் 2021 ஆகத்து மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், தமக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததையும் அளவு மாறியதையும் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

உள்ளூர் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வயிற்றின் உள்ளமைப்பு மாறியிருப்பது வெளியே தெரியாது. தழும்புகளும் மிகச் சிறியவை. எனவே நோயாளி சொன்னாலன்றி ஊர் மருத்துவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சிகிச்சையின் பெயரையும் நாளையும் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. குறிப்பாக இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வலிமாத்திரை. உடல்வலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக்கு, இபுபுரோபன் போன்றவை, மாற்றுவழி முறையில் குடல் இணைப்புப் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். பாரசிட்டமால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. பீடியும் வெண்சுருட்டும் இப்புண்ணுக்கு மற்றுமொரு காரணமாகும்.

இரண்டாவது, குளுக்கோசு ஏற்றுதல். முதல் சில மாதங்களில் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் உடலில் தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 தீர்ந்துபோகும். அந்நிலையில் சோர்வுக்கென்று குளுக்கோசு மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி, பார்வை இரட்டித்தல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றோடு கூடிய வெர்னிக்கே மூளைப்பாதிப்பு ஏற்படலாம். குளுக்கோசுக்கு முன்னதாகவோ அதனுடனோ தயமின் ஊசி செலுத்துவது இதனைத் தடுக்கும்.

வேலை

முதல் நாளிலிருந்தே மெதுவாக நடப்பது, கால் நாளங்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. ஆனால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பளு தூக்குதல் கூடாது. நீர்க்குடம், உரமூட்டை, பருத்திப்பொதி ஆகியவை இதில் அடங்கும். தறியில் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். காயம் ஆறிய பின்னர் தசையை வலுப்படுத்தும் உழைப்பு நன்மை தரும்.

விருந்தும் உறவும்

கிடா விருந்திலும் திருமணப் பந்தியிலும் “இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க” என்று வற்புறுத்துவது அன்பின் அடையாளம். இலையில் மீதம் வைப்பது மனக்குறையாகக் கருதப்படும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்க்கு ஒரு கவளம் மிஞ்சினாலும் நெஞ்சடைப்பும் வாந்தியும் உண்டாகலாம். பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், இறைச்சி, முட்டை போன்றவற்றை முதலில் சிறிதளவு கேட்டுப் பெறுவதும் இவ்விக்கட்டைக் குறைக்கும்.

எடை விரைந்து குறையும்போது “ஏதோ நோய் வந்துவிட்டது” என்ற பேச்சும் எழுவதுண்டு. மூன்று முதல் ஆறு மாதங்களில் முடி கொட்டுவதும், தோல் தொங்குவதும் மனவருத்தம் தரும். முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். தோல் தானாக முழுமையாக இறுகுவதில்லை. உணவில் ஆறுதல் தேடிவந்தவர்கள் சிலர் மதுவின் பக்கம் திரும்புகின்றனர். மாறிய வயிற்றில் மது விரைவாக இரத்தத்தில் கலப்பதால், குறைந்த அளவே மிகுந்த போதை தரும்.

மகப்பேறு

எடை குறைந்தவுடன் பல பெண்களுக்குக் கருவுறும் திறன் கூடுகிறது. ஆயினும் முதல் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிப்போட அறிவுறுத்தப்படுகிறது. மாற்றுவழி முறைக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமற் போகலாம் என்பதால் வேறு முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

எடை மீளல்

எடை பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் வரை குறைந்து பின்னர் நிலைகொள்ளும். அதன்பின் ஓரளவு எடை கூடுவது இயல்பு. காராச்சேவு, முறுக்கு, பனிக்கூழ் போன்றவை வயிற்றை நிரப்பாமலேயே வழுக்கி இறங்கிவிடுவதால், நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறிப்பவர்களுக்கு எடை மீள்கிறது. இதனைத் தோல்வி எனக் கருதி மருத்துவரைத் தவிர்ப்பதே பெருந்தவறு. உணவு ஆலோசனை, மருந்து, தேவைப்பட்டால் மறு அறுவை எனப் பல வழிகள் உள்ளன. திர்செபடைடு, செமாகுளுடைடு ஆகிய எடைக்குறைப்பு ஊசிகள் 2025 இல் இந்தியச் சந்தைக்கு வந்தன.

அபாய அறிகுறிகள்

முதல் சில வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ஓய்விலும் வேகமான நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், காலில் ஒருபக்க வீக்கம் ஆகியன தையல் கசிவையோ இரத்த உறைவையோ குறிக்கலாம். பிற்காலத்தில் வலது மேல்வயிற்று வலி பித்தப்பைக் கல்லையும், கறுத்த மலம் குடற்புண்ணையும், விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி குடல் முறுக்கையும் குறிக்கலாம். இவற்றிற்கு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அறுவைச் சிகிச்சை பெருநகரில் நடந்து, வாழ்க்கை திருச்சுழி போன்ற தொலைவிடத்தில் அமையும்போது இத்தொடர்பு அறுந்துபோவது எளிது. இரத்தப் பரிசோதனைகளையும் பி12 ஊசியையும் அருகிலேயே பெற்று, முடிவுகளை அறுவை மருத்துவருக்குத் தெரிவிப்பது நடைமுறைக்கு உகந்தது. இவ்வட்டாரத்தினர்க்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், 2022 இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் அணுகத்தக்க தொலைவில் உள்ளன.

சுவீடனில் 1987 இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, இச்சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு வீதம் குறைந்திருப்பதை 2007 இல் வெளியிட்டது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இடைவிடாது கண்காணிக்கப்பட்டவர்கள் என்பதும் இங்குக் கருதத்தக்கது.