எலிக்குக் கிட்டி, ஆந்தைக்குக் குச்சி… கரண்ட் கம்பி மட்டும் வேண்டாம்!

சம்பா நெல் தூர் கட்டி நிற்கும் நேரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக வந்து போன எலியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடியில் கத்தியால் சீவியது போல சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடக்கும் தூர்கள்தான் சாட்சி. வரப்போரம் நாலு வரிசை நன்றாகவே நிற்கும். நடு வயலில் வட்டமாகச் சொட்டை விழுந்திருக்கும். அதனால் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குச் சேதம் தெரிவதில்லை. தெரியும்போது கதிர் வந்திருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தத் தொல்லைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பகுதிகள் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. கண்மாய்ப் பாசனத்திலோ மழையைப் பார்த்துத்தான் நடவு. ஒருவர் வயலில் கதிர் முற்றும்போது பக்கத்து வயலில் அப்போதுதான் பயிர் பச்சை பிடிக்கும். எலிக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கே அறுத்ததும் அங்கே போய்விடும். நெல் பால் பிடிக்கும் பருவம்தான் வயல் எலி அதிகம் குட்டி போடும் காலம். மூன்று வாரச் சினை, ஈற்றுக்கு ஆறேழு குட்டி. நடவு தள்ளித் தள்ளி நடந்தால் குட்டி போடும் காலமும் நீண்டுகொண்டே போகும்.

ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்துச் செம்மண் நிலங்களில் கதை வேறு. அங்கே நிலக்கடலை. விதைத்த பருப்பைத் தோண்டித் தின்பதில் தொடங்கி, காய் பிடித்த பிறகு செடிக்கு அடியிலேயே வேலையை முடித்துவிடும் வெள்ளெலி. மேலே செடி பச்சையாகவே நிற்கும்.

‘என்ன மருந்து வைக்கலாம்?’ என்பதுதான் இந்த விஷயத்தில் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி. உண்மையில் கேட்க வேண்டியது, ‘எப்போது, யார் யாரோடு சேர்ந்து?’ என்பதுதான். கருவி அதற்குப் பிறகு.

தஞ்சாவூர்க் கிட்டி

காவிரிப் படுகையில் பல தலைமுறையாக இருக்கும் வில்பொறி இது. வேளாண் பல்கலைக்கழகமும் தன் பரிந்துரையில் சேர்த்திருக்கிறது. வளைத்த மூங்கில் பத்தை, அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு, ஓலையிலோ மூங்கிலிலோ முடைந்த சிறு தட்டி, இரை. அவ்வளவுதான். எலி தலையை நீட்டி இரையைக் கடித்து இழுத்ததும் கட்டு விடுபட்டு வில் விரியும். கயிறு கழுத்தை இறுக்கிவிடும். ஸ்பிரிங் இல்லை, துருப்பிடிக்க இரும்பு இல்லை. தண்ணீர் நிற்கும் வயலிலும் குச்சியில் கட்டி ஊன்றிவிடலாம். வீட்டில் வைக்கும் கூண்டுப்பொறியும் பலகை அடிப்பொறியும் குதிருக்கும் மூட்டை அறைக்கும் சரி. வயலுக்கு அவை எண்ணிக்கையில் கட்டுப்படியாகாது. பரிந்துரை ஹெக்டேருக்கு 100 கிட்டி, அதாவது ஏக்கருக்கு 40. நாலு கிட்டி வைத்துவிட்டு ‘கிட்டிக்கு மசியவில்லை’ என்று சொல்வது நியாயமில்லை.

இரையாக நெல் பொரியும் கருவாட்டுத் தூளும் போதும். எலிக்குப் புதுப் பொருள் மீது சந்தேகம் அதிகம். முதல் இரண்டு நாள் கிட்டியை நாண் ஏற்றாமல், இரையை மட்டும் வைத்துப் பழக்கினால் மூன்றாம் இரவு பிடிபடுவது கூடும். சாயங்காலம் வைத்து, வெளுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் காக்கையும் நாயும் முந்திக்கொள்ளும்.

எங்கே வைப்பது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். ஒரு நாள் மாலை வரப்பில், வாய்க்கால் கரையில், கண்மாய்க் கரையில் உள்ள வளை எல்லாவற்றையும் மண்ணால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலை எவை திறந்திருக்கின்றனவோ அவைதான் எலி குடியிருக்கும் வளை. அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வயலுக்குள் போகும் தடத்திலும் புதிதாக வெட்டிய தூருக்குப் பக்கத்திலும் கிட்டி வைக்கலாம். பழைய வளைக்கு முன்னால் வைத்த கிட்டி சும்மா நிற்கும். பத்து நாள் கழித்து மறுபடி அடைத்து எண்ணினால், வேலை பலித்ததா இல்லையா என்பதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கிட்டி போடத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். எலிக்கு இவ்வளவு என்று பேசிக் கூலி கொடுப்பது டெல்டா வழக்கம். எலி மிகுந்திருக்கும்போது அது சரி. எலி குறைந்த பிறகும் அதே கணக்கு என்றால் அந்த ஆளுக்குக் கட்டாது. அவர் வராமல் போனால் மிச்ச எலி மறுபடி பெருகும். கடைசி இரண்டு சுற்றுக்கு ஏக்கர் கணக்கில் கூலி பேசுவது இரு தரப்புக்கும் நல்லது.

விடியலில் கிட்டி எடுக்கப் போகிறவர் டார்ச் லைட்டும் கம்பும் இல்லாமல் போகக் கூடாது. எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். வளைக்குள் கை விடவே வேண்டாம். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டி எடுத்துப் புதைக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலில் புண்ணோடு இறங்கினாலே எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘வயலில் எலி பிடித்தேன்’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்கு அது பெரிய உதவி.

எப்போது?

நடவுக்கு முன்பு. வயல் காய்ந்து கிடக்கும்போது எலி எல்லாம் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் சீமைக்கருவேல் புதரிலும்தான் ஒண்டியிருக்கும். அப்போது எண்ணிக்கை குறைவு, தீனியும் குறைவு. இரைக்குச் சீக்கிரம் வரும். அடுத்த வாய்ப்பு தூர் கட்டும் பருவம் வரைக்கும்தான். பொதி கட்டிய பிறகு வயலே விருந்து. பொரியையும் கருவாட்டையும் சீண்டாது.

ஒரே ஆயக்கட்டில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் இறங்காவிட்டால் பாதி உழைப்பு வீண். ஒருவர் விரட்டியது அடுத்தவர் வரப்புக்குப் போய், மாதம் கழித்து அங்கிருந்து திரும்பும். வரப்பையும் அப்போதே வெட்டி ஒல்லியாக்கிவிடலாம். அகல வரப்பில்தான் எலி அறை அறையாக வளை வைத்து நெல்லைச் சேர்க்கும். ஒரு அடி வரப்பில் அதற்கு இடம் பற்றாது. நடக்க வசதி என்று மூன்றடி வரப்பு வைத்திருப்பவர்கள் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மருந்தும் ஆந்தையும்

சிங்க் பாஸ்பைடு சட்டென்று கொல்லும். ஆனால் கொஞ்சமாகத் தின்று பிழைத்துக்கொண்ட எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. அதனால்தான் மருந்து கலக்காத நொய்யில் எண்ணெய் பிசறி இரண்டு நாள் வைத்த பிறகு, மூன்றாம் நாள் மருந்து கலக்கச் சொல்கிறார்கள். ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப வைத்தால் பலிக்காது. புரோமாடையலோன் மெதுவாக, சில நாளில் கொல்லும். எலிக்குச் சந்தேகம் வராது. இரண்டுமே பூட்டி வைக்க வேண்டியவை. தவறிச் சாப்பிட்டுவிட்டால் புரோமாடையலோனுக்கு மாற்று மருந்தாக வைட்டமின் கே உண்டு. சிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே கிடையாது. எதுவானாலும் அட்டையோடு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. எந்தக் கடையில் கிடைத்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும். இது பெரிய நஷ்டம். கூகை ஆந்தையின் முக்கியத் தீனியே எலிதான். அதுவும் நாம் தூங்கும் நேரத்தில். சாக்குருவி, கெட்ட சகுனம் என்று கல்லெறிந்து விரட்டுகிற ஊர்களில் எலிக்குத்தான் நல்ல சகுனம். பயிரைவிட உயரமாக டி வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை ஊன்றி, மேல் கட்டையில் வைக்கோல் சுற்றிவிட்டால் ஆந்தை உட்காரும். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பகலில் அதிலேயே கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கதிர் முற்றத் தொடங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நெல் தின்னும் குருவிகள் வந்து உட்காரும்.

கரண்ட் கம்பி

மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டிவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருக்கிறது. எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த அந்தக் கம்பியில் ஆள் செத்த செய்தி வராத வருஷமே இல்லை. மாட்டைத் தேடிப் போனவர், மீன் பிடிக்கப் போனவர், சில சமயம் கம்பியைக் கட்டியவரே. ஈர வயலில் 230 வோல்ட் பட்டால் கையை உதறி விடுபட முடியாது. கொலைக்குச் சமமான வழக்கு வரும், மின் இணைப்பும் போகும்.

சூரிய மின்வேலியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கருவி வழியாக, நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் துடிப்பு மட்டுமே வரும். உதறும், கொல்லாது. மின்வேலிகளுக்கு 2023-ல் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். இந்த வேலி பன்றிக்கும் மாட்டுக்கும் ஆகும், எலிக்கு ஆகாது.

துப்பாக்கி எடுக்கலாமா?

தைலமரக்காட்டை ஒட்டிய ஊர்களில் பன்றி ஒரு ராத்திரியில் உழும் கடலைக்காட்டைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பது புரியும். ஆனால் காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னது இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். விவசாயி செய்ய வேண்டியது, சேதத்தைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் மூலமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுப்பது. அவுட்டுக்காய், சுருக்குக் கம்பி இரண்டும் குற்றம். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைவது பல நேரம் பக்கத்து வீட்டுப் பசுதான்.

மயில் தேசியப் பறவை. கண்ணி, விஷம், கல் எதுவும் கூடாது. விராலிமலைப் பக்கம் விதைப்புக்குப் பிறகு முதல் பத்து நாள் காலையும் மாலையும் ஆள் காவல்தான் நிற்கிறது. மினுமினுப்பு நாடா கொஞ்ச நாளைக்குப் பயன்படும், பிறகு மயில் பழகிவிடும். முயல், கீரி, உடும்பு எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கீரியும் உடும்பும் எலியைத் தின்பவை வேறு.

ஏர்கன் விஷயத்திலும் கவனம் வேண்டும். 20 ஜூலுக்கு மேல் விசையுள்ளதும், 0.177 அங்குலத்துக்கு மேல் குழல் அளவுள்ளதும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாதவை. லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும், குண்டு எங்கே போய் நிற்கும் என்பது சுடுகிறவர் கையில் இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்தபோது, சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நாலு நாளில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். பயிற்சித் தளத்திலேயே இந்த நிலை என்றால், இருட்டில் கடலைக்காட்டில் என்ன ஆகும்?

அறுவடை முடிந்ததும் கிட்டிகளை அப்படியே ஷெட்டில் குவித்துவிடக் கூடாது. கழுவி, வெயிலில் காயவைத்து, நாணை அவிழ்த்துவிட வேண்டும். வளைத்தபடியே விட்டால் மூங்கில் விசை இழந்துவிடும். விறகடுப்பு உள்ள வீடு என்றால் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி கட்டித் தொங்கவிடலாம். மூங்கிலை வண்டு துளைக்காது. அடுத்த நடவுக்கு முன் கயிற்றை மட்டும் மாற்றினால் போதும்.