உங்களுக்குத் தெரியுமா?
மாஸ்கோ கலை அரங்கின் நடிகை மரியா க்னேபெலை (1898–1985), 1936இல் அவ்வரங்கின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே தம் கடைசி ஸ்டூடியோவில் பாடம் நடத்த அழைத்தார். வசனத்தை மனப்பாடம் செய்யும் முன், காட்சியைச் சொந்தச் சொற்களில் நடித்துப் பார்த்து அதன் உயிரைப் பிடிக்கும் ஒத்திகை முறை அங்கே உருவாகிவந்தது. அதை அழியாமல் காத்து அடுத்த தலைமுறைக்குத் தந்தவர் க்னேபெல்தான்.

1950இல் கலை அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர், மத்தியக் குழந்தைகள் அரங்கில் இயக்குநரானார். 1955இல் அதன் தலைமைப் பொறுப்பேற்றார். தம் மாணவர் அனத்தோலி எஃப்ரோஸை அங்கே அழைத்துவந்தார். ரஷ்ய நாடகம் புத்துயிர் பெற்ற இடங்களில் ஒன்று, சிறுவர்களுக்கான மேடை!

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் முறையைக் காத்ததுபோல், இன்னொரு கடனையும் தீர்த்தார். 1928இல் நாட்டைவிட்டுப் போனதால் பேரே சொல்லக்கூடாதவராகிவிட்ட தம் ஆசான் மிகயில் செகாவின் எழுத்துகளைத் தொகுத்தார். 1986இல் அந்நூல் வெளிவந்தபோது க்னேபெல் உயிரோடு இல்லை.