தொலைவும் பறப்புக் காலமும்

ஸ்காட்லாந்தின் வடபால் ஆர்க்னித் தீவுக்கூட்டம் உளது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளின் விமானத் திடல்களுக்கு இடையே ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் தொலைவு. 1967ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வான்வழியே உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவையாம்.

கால அட்டவணை கூறுவது 2 நிமிடம். மிக விரைவாகப் பறந்த காலமோ 53 விநாடி. தொலைவு மாறாதிருக்கக் காலம் மாறுவதேன்? விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. பின்காற்று உந்தும், எதிர்காற்று தடுக்கும். புறப்படும் திசைக்கேற்ப வளைந்து திரும்பவும் நேரும். ஆகவே, தொலைவை வேகத்தால் வகுக்கும் மாணவன், காற்றினூடே செல்லும் வேகமா, நிலத்தின்மேல் செல்லும் வேகமா என முதலில் வினவுதல் வேண்டும்.

ஆசிரியரும் மருத்துவரும் இச்சிறு விமானத்தில் அத்தீவுக்குச் சென்று வருகின்றனர். கொந்தளிக்கும் கடல் நடுவே வாழ்வார்க்கு அவ்விரண்டு நிமிடம் வேடிக்கையன்று. கல்வியும் மருந்தும் வந்துசேரும் வழியாகும்.