செய்தி வாசித்தார் திருநங்கை! வீட்டை விட்டுப் போன பத்மினி, டி.வி.யில் வந்த கதை

சங்கரன்கோவில்,

இரவு 7 மணி. பஸ் நிலையம் பக்கம் ஒரு டீக்கடை. டி.வி.யில் செய்தி தொடங்குகிறது.

"ஏலே, சத்தத்தைக் கூட்டு!" என்கிறார் ஒருவர். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள்.

அதே கடைக்கு ஒரு திருநங்கை வந்தால்? ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருவர் சில்லறையைப் போட்டு, "போ, போ" என்பார். அவர் பேசுவதை யாரும் காதில் வாங்குவது இல்லை.

அந்தத் திருநங்கையே டி.வி.யில் உட்கார்ந்து செய்தி சொன்னால்?

சொன்னார்! ஊர்: கோவை. நாள்: 2014 ஆகஸ்டு 15.

முதல் நாள்

கோவையில் இருந்து ஒளிபரப்பானது லோட்டஸ் டி.வி. அன்று சுதந்திர தினம். 7 மணி செய்தி வாசிக்க ஒரு புதுமுகம் வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் பத்மினி பிரகாஷ்.

இந்தியாவில் டி.வி. செய்தி வாசித்த முதல் திருநங்கை இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. லண்டன் பி.பி.சி. வரை சேதி போனது.

முதல் நாள் அவருக்கு ஒரே படபடப்பு! உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும். வேகம் கூடக்கூடாது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். சமாளித்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் அவர் முகம் திரையில் வந்தது.

13 வயதில்...

அந்த நாற்காலி சும்மா கிடைக்கவில்லை. பத்மினியை வீட்டார் ஏற்கவில்லை. 13 வயதில் வீட்டை விட்டுப் போனார். உயிரை விடவும் துணிந்தார். மற்றவர்கள் காப்பாற்றினார்கள்.

பிறகு தபால் மூலம் வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பணம் இல்லை. இரண்டு ஆண்டுகளில் படிப்பு நின்றது.

பரதநாட்டியம் கற்றார். திருநங்கைகள் அழகிப் போட்டியில் பட்டம் பெற்றார். டி.வி. தொடரில் நடித்தார். அதன் பிறகுதான் செய்தி வாசிக்கும் வேலை வந்தது.

கோர்ட்டு தீர்ப்பு

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2014 ஏப்ரல் 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. திருநங்கைகளை மூன்றாம் பாலினமாக ஏற்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு.

தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டே அவர்களுக்கு நல வாரியம் வந்துவிட்டது. அதே ஆண்டு விஜய் டி.வி.யில் ரோஸ் என்ற திருநங்கை பேட்டி நிகழ்ச்சி நடத்தினார்.

ஆனால் பேட்டி வேறு, செய்தி வேறு. "அரிசி விலை ஏறியது", "அணை நிரம்பியது" என்று ஒருவர் சொன்னால் அதை நாம் நம்ப வேண்டும். நம்பிக்கைதான் அந்த வேலைக்கு மூலதனம். பத்மினிக்குக் கிடைத்தது அதுதான்.

துப்பாக்கிச் சூடு

மற்ற நாடுகளிலும் இது நடந்தது. 2018-ல் பாகிஸ்தானில் மார்வியா மாலிக் செய்தி வாசித்தார். 2021-ல் வங்காளதேசத்தில் தஷ்னுவா ஆனான் வாசித்தார்.

மார்வியாவுக்கு மிரட்டல்கள் வந்தன. 2023-ல் லாகூரில் அவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். நல்ல வேளை, உயிர் தப்பினார். நாற்காலி கிடைத்தாலும் தெருவில் நிம்மதி கிடைக்கவில்லை!

நம்ம ஊரில்?

சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியது இல்லை. பாதி சிவன், பாதி திருமால் என்று ஒரே உருவில் சங்கரநாராயணரைக் கும்பிடுகிற ஊர் இது. இரண்டும் ஒன்றாக நிற்கும் அந்தக் காட்சிக்காகத்தான் கோமதி அம்மன் தவம் இருந்தாள். ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு போய்ப் பார்க்கிறது.

கடைக்காரரே, உங்களிடம் ஒரு கேள்வி. கணக்கு எழுத ஆள் வேண்டும். நாளை காலையில் ஒரு திருநங்கை வந்து, "எனக்குக் கணக்கு தெரியும் அண்ணாச்சி" என்கிறார்.

சில்லறையை எடுப்பீர்களா? பேரேட்டை எடுத்துக் கொடுப்பீர்களா?